மிளகாய்க் குச்சி

காந்தன் கையில் இருந்த குச்சியைப் பார்த்தால், அவன் சாத்தே சுடக் கிளம்பியிருக்கிறான் என்றுதான் தோன்றும். ஆனால் கோழிக்கறி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிவப்பு மிளகாயும் இரண்டு சின்ன வெங்காயமும் குத்தப்பட்டிருந்தன. அடுப்பையும் எங்கும் காணோம்.

"என்னடா முழிச்சிக்கிட்டு நிக்கிற? மேகம் ஏறுது பாரு. போய் நடு!" என்று விரட்டினாள் அவனுடைய அக்கா பவானேஸ்வரி.

நட வேண்டிய இடம், வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமந்திப் பாத்தி. மெர்லிமாவில் ஐப்பசி பிறந்தால் காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். அந்த மழையில் நனைந்த சாமந்தி தலை தொங்கி, மறுநாளே அழுகத் தொடங்கிவிடும்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். இந்த வருடம் சாமி மாலைக்குத் தன் தோட்டத்துப் பூதான் என்று கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தாள் பவானேஸ்வரி. "இந்த ஊர் மழைக்குச் சாமந்தி சரிவராது, பிள்ளை. எதுக்கும் நான் கேமரன் மலையிலை பூவுக்குச் சொல்லி வைக்கிறன்" என்று சிரித்தார் கோயில் தலைவர் விஜயரட்ணம்.

அந்தச் சிரிப்புக்காகவே அவள் ஆகஸ்டில் நாள் பார்த்து விதைத்தாள். தீபாவளிக்குச் சரியாகப் பூ விரிகிற மாதிரி உரம் வைத்தாள், நுனி கிள்ளினாள். அவள் பங்கு முடிந்தது. வானத்தின் பங்குதான் பாக்கி.

மிளகாய்க் குச்சி, மழையைத் தடுக்கப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் ரொக்கியா சொன்ன வழி. அவர் வீட்டில் விருந்து என்றால் வாசலில் அது நிற்கும். ஒரு தடவைகூடப் பந்தல் நனைந்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணம் ஆகாதவர் கையால்தான் நட வேண்டும்.

"இந்த வரிசை வீட்டுல கல்யாணம் ஆகாத ஒரே ஆளு நீதான். முப்பத்தெட்டு வயசுல அதுக்காவது உபயோகமா இரேன்."

"எதிர்வீட்டுப் பிள்ளைங்கள கூப்பிடுக்கா."

"அதுங்க எல்லாம் தீபாவளிக்கு ஜொகூர் போயிருச்சுங்க."

"போன்ல வெதர் பாரு. எப்படியும் மழைதான்னு போட்டிருக்கு."

"போன் மழைய சொல்லும். நிறுத்துமா?"

காந்தன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்காவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

"கவலப்படாதடா. தீபாவளி முடிஞ்சதும் உனக்குப் பொண்ணு பாக்குறதுதான் என் மொத வேல. நீயும் கொஞ்சம் நல்லா உடுத்து. போன மாசம் ரோட் டேக்ஸ் எடுக்கப் போறேன்னு புது பாத்தேக் சட்டை போட்டுக்கிட்டுப் போனியே, அந்த மாதிரி. ரோட் டேக்ஸ் எடுக்க எவன்டா புதுச் சட்டை போடுவான்? ஆனா நல்லாத்தான் இருந்துச்சு."

காந்தன் பாத்தியின் நடுவில் போய்க் குனிந்து, மிளகாய் மேலே பார்க்கும்படி குச்சியைக் குத்திவிட்டு வந்தான்.

கொஞ்ச நேரத்தில் மேகம் மூவார் பக்கமாக நகர்ந்தது. ஒரு கீற்று வெயில்கூட எட்டிப் பார்த்தது. பவானேஸ்வரிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. உடனே விஜயரட்ணத்தைப் போனில் பிடித்தாள்.

"அங்கிள், கேமரன் பூவ வேணாம்னு சொல்லிருங்க லா! என் பூ ரெடி!"

போனை வைப்பதற்குள் கூரைத் தகரத்தில் முதல் சொட்டு விழுந்தது. அடுத்த நிமிடம், பின்பக்கத்து வேலிகூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடித்து ஊற்றியது.

அக்காவும் தம்பியும் கான்வாஸை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்த நேரத்தில், அடுத்த தெருவிலிருந்து குடையோடு விஜயரட்ணம் வந்து நின்றார். இவர் சிரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பவானேஸ்வரி பல்லைக் கடித்தாள். அவரோ குடையை வீசிவிட்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மூன்றாவது முனையைப் பிடித்தார்.

மழை விட்டபோது மூவரும் சேறாகியிருந்தார்கள். விரிந்த பூவெல்லாம் தரையில் கிடந்தது. மொட்டுகள் மட்டும் கான்வாஸுக்கு அடியில் பத்திரமாக நின்றன.

"நல்ல வடிவான மொட்டு, பிள்ளை. கேமரனிலையும் இப்பிடி வராது" என்றார் விஜயரட்ணம். "நாளைக்கு மழை வராட்டில் எல்லாம் விரிஞ்சிடும், கோயில் மாலைக்கு இது காணும். வந்தால்தான் ஒண்டும் மிஞ்சாது." அப்போதுதான் அவர் கண்ணில் குச்சி பட்டது. "இதென்ன, ஆர் நட்டது?"

"கல்யாணம் ஆகாத கைதான் அங்கிள். அதுல ஒரு கொறையும் இல்ல. மக்சிக்தான் என்னத்தையோ சொல்லாம மறைச்சிருச்சு. இருக்கட்டும், நாளைக்குப் போய் ஒரு கை பாக்குறேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே போனவள் இன்னொரு குச்சியோடு திரும்பினாள். இந்தத் தடவை ஐந்து மிளகாய், எல்லாம் விரல் நீளம்.

"இந்தா. நாளைக்கு மேகம் ஏறுறதுக்கு முன்னாலயே நட்டுரு. நல்லா ஆழமா."

காந்தன் கையை நீட்டவில்லை. மொட்டுகளைப் பார்த்தான். அக்காவின் சேறு படிந்த முகத்தைப் பார்த்தான். பக்கத்து வீட்டு ஜன்னலில், என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மக்சிக்கையும் பார்த்தான்.

"மக்சிக் மேல தப்பில்லக்கா, நீ வேற ஆளப் பாரு... எனக்குப் போன மாசமே ரிஜிஸ்டர் கல்யாணம் ஆயிருச்சு."