கையுறைக்குள் பச்சை வளையல்

மும்பை தாதரில் உள்ள வீட்டின் பகல் வெளிச்சத்தில், டிவியில் பழைய இந்தித் திகில் படம் வெளிறி ஓடுகிறது. கத்தியைப் பிடித்திருக்கும் கறுப்புக் கையுறைக்குள் இருப்பது, நடிகர் வராத நாளில் அவருக்குப் பதிலாக நீட்டிய துணை நடிகை விமலாபாயின் கை. சுமங்கலி வளையலைக் கழற்றுவதாவது என்று முழங்கைப் பக்கம் தள்ளி ஒளித்திருந்தாள். அது நழுவிவந்து கையுறை விளிம்பில் பச்சையாக மின்னுகிறது. படத்தையே கெடுத்துவிட்டோம் என்ற பயத்தில் இத்தனை வருடம் அவள் இதைப் பார்க்கவேயில்லை. இப்போதும் முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொள்கிறாள். “வளையல பாத்தீங்களா அத்தை? கொலை பண்றது பொம்பளதான்,” என்கிறாள் மருமகள் மேதா, பட்டாணி உரித்தபடி. கடைசியில் முகமூடி கழல, மீசைக்கார டாக்டர் விழிக்கிறார். மேதாவின் கையில் பட்டாணி அப்படியே நிற்கிறது. “அடப்பாவி, ஒரு வளையலக் காட்டியே கடைசிவரைக்கும் ஏமாத்திட்டானே. என்னா மூளை அந்த டைரக்டருக்கு.” விமலாபாய் முந்தானையை உதறிவிட்டு, “அந்தப் பட்டாணிய இப்படித் தள்ளு,” என்று வளையல் குலுங்கக் கையை நீட்டுகிறாள்.