வட்டத் தோசையின் பெருமை

சமையல் பழக ஆரம்பித்திருந்த மீனலோசனி வார்த்த முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. இரண்டாவது முழு வட்டமாக வந்து விழுந்தது. விழுந்ததும் பக்கத்தில் கிடந்த கிழிசலைப் பார்த்து முகம் சுளித்தது.

“கொஞ்சம் தள்ளிப் படு. பார்க்கிறவர்கள் நம் இரண்டு பேரும் ஒரே மாவு என்று நினைத்துவிடப் போகிறார்கள்.”

“ஒரே மாவுதானே தம்பி,” என்றது கிழிசல்.

மீனலோசனி வட்டத்தை மட்டும் எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்தாள். வட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அதன் பக்கத்தில் சட்னிக் கிண்ணத்தை வைத்து, நாற்காலியில் ஏறி நின்று போட்டோ எடுத்தாள். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடியும் எடுத்தாள். நடுவில் பசி பொறுக்காமல் கிழிசலைப் பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுச் சுடச்சுட விழுங்கினாள். ருசி பிடித்துப்போய் இன்னும் இரண்டு வார்த்தாள். அவையும் கிழிந்தன, அவையும் உள்ளே போயின.

‘அடுத்தது நான்தான்’ என்று வட்டம் நிமிர்ந்து படுத்தது. ஆறி விறைத்துப்போயிருந்ததால் நிமிர்வது சுலபமாகவே இருந்தது.

மீனலோசனி ஏப்பம் விட்டாள். வட்டத்தை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“வாங்க, வாங்க,” என்று உள்ளிருந்து ஒரு குரல் வரவேற்றது. “நான் வியாழக்கிழமை கேசரி. எனக்கு நாற்பது லைக். உங்களுக்கு?”