சிரித்த முகத்துக்கு அறை இலவசம்

ஜனவரி மாதம் மால்டா தீவுக்கு ஈ காக்கை வராது. அதனால் கடலோர ஓட்டல் ஒன்று புது ஏற்பாடு செய்திருந்தது. ஜோடியாக வருகிறவர்களுக்கு அறை இலவசம். பதிலுக்குச் சுவரெங்கும் இருக்கிற கேமராக்கள் அவர்களுடைய சந்தோஷத்தைப் படம் பிடித்து, மார்க் போட்டு, விளம்பரத்துக்கு அனுப்பும். முகம் சுளித்தால் அன்றைய வாடகையை முழுசாகக் கட்ட வேண்டும்.

தென்காசியிலிருந்து வந்த செண்பகவல்லி மூன்று நாள் நன்றாகத்தான் சிரித்தாள். பூட்டிக் கிடந்த கடைகளைப் பார்த்துக்கூடச் சிரித்தாள். நாலாம் நாள் காலை, அவள் ரொட்டியை மென்றுகொண்டிருக்கும்போது, புருஷன் இசக்கியப்பன் மெதுவாகச் சொன்னார்.

"உன் காசுமாலையை எங்க அக்காகிட்ட குடுத்திருக்கேன். அவ மக கல்யாணத்துக்கு."

"எப்போ?" என்றாள் பல் தெரிய.

"ஆவணியில."

ஐந்து மாதமாக இதைப் பற்றி வாயே திறக்காத மனுஷர் இந்தத் தீவுக்கு ஏன் அவ்வளவு அவசரமாக டிக்கெட் போட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சிரித்தபடியே வரவேற்பறைக்குப் போனாள். இசக்கியப்பன் பின்னாலேயே ஓடினார்.

"கேமரா இல்லாத அறை இருக்கா? முழு வாடகை தர்றேன்."

அங்கிருந்த மால்டாக்காரி சொன்னது மொழிபெயர்க்கும் காதுக்கருவியில் தமிழாக விழுந்தது. "ஓட்டலே காலிதான், மேடம். அந்த ஒரு அறை மட்டும் சனிக்கிழமை வரை கிடைக்காது. வந்திருக்கிற ஏழு ஜோடியும் அதைத்தான் கேக்கறாங்க."

"அப்ப சனிக்கிழமைக்கு என் பேரை எழுதிக்கோங்க."

செண்பகவல்லி திரும்பிப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்ததில் அதுதான் அசல் சிரிப்பு என்று கேமரா நூற்றுக்கு நூறு போட்டது. அந்தக் குளிரிலும் இசக்கியப்பனுக்கு வேர்த்தது.