உடன் வருபவர்

இன்றைக்காவது அந்தச் சொல் வராமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். இப்படி நினைக்கலாமா என்றும் உடனே நினைத்தாள்.

செல்லப்பன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வலது கை தலையணைமேல் கிடந்தது. அதில் நான்கு ஊசிகள். தலையின் இடப்பக்கம் மூன்று. ரத்தம் வரவில்லை.

பக்கவாதம் வந்து நான்கு மாதம். சேலத்தில் கொடுத்த மாத்திரையும் கைகால் பயிற்சியும் நிற்கவில்லை. அவற்றோடு இதுவும் இருக்கட்டும் என்று சனிக்கிழமைதோறும் வெள்ளக்கடையிலிருந்து ஜீப் பிடித்து ஏற்காட்டுக்குக் கூட்டி வருகிறாள். கடைவீதியில் ஒரு மாடி அறையில் அக்குபஞ்சர் வைத்தியம். ஊசி போடும் ஃபெபிக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும்.

முதல் வாரம் இரண்டு பேர் தாங்கித்தான் மாடிப்படி ஏற்றினார்கள். இன்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவரே ஏறினார்.

பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமானாலும் சரி, களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்ததா என்று கேட்க வேண்டுமானாலும் சரி, வாயில் வருவது ஒரே சொல்.

கட்டைவிரலை ஒட்டியிருந்த ஊசியை ஃபெபி மெல்லத் திருகினாள். அவர் உதடு கோணியது.

“கம... லா.”

ஃபெபி சிரித்தாள். “ஏனுங்க்கா, எங்கப்பா இன்னும் எங்கம்மாவ ‘இந்தா’ன்னுதான் கூப்புடுவாரு. பேரே மறந்திருக்கும். நீங்க நொம்பக் குடுத்து வச்சவங்க.”

முப்பத்தொரு வருடமாக அவளும் ‘ஏ புள்ள’தான். இந்தப் பெயரை அவர் வாயிலிருந்து முதன்முதலில் கேட்டது சேலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே.

மேசைமேல் நோட்டு திறந்திருந்தது. ‘உடன் வருபவர்: கமலா, மனைவி.’ முதல் நாள் அவர் சொன்னதைக் கேட்டு ஃபெபியே எழுதிக்கொண்டது. அன்று அறை நிறையக் கூட்டம்.

“எதிர்ல உக்காருங்க்கா. அவரு பேரச் சொன்னதும் ‘என்னங்க’ன்னு கேளுங்க. பதில் கெடச்சா அடுத்த வார்த்தைக்கு முயற்சி பண்ணுவாரு. ஊட்லயும் தெனம் செய்யுங்க.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் அவளையே பார்த்தார். சொல் திக்காமல் வந்தது.

“கமலா.”

தாகம் என்று அவளுக்குத் தெரிந்தது. பாட்டிலைத் திறந்து உதட்டருகே சாய்த்தாள். மூன்று மடக்கு குடித்தார். கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். முழங்காலில் இருந்து நழுவிய போர்வையைத் திரும்ப இழுத்து விட்டாள்.

“பதில் சொல்லுங்க்கா. ஒரே ஒரு தடவ.”

“அது மட்டும் வேண்டாங் கண்ணு,” என்றாள் பாவாயி.