பத்துக்கு ஒன்பது தூக்கம்

அரிசி ஆலைக் கிடங்கில் வாசலோரம் பூனை படுத்திருந்தது. அதைத் தாண்டிப் போய்த்தான் எலிகள் அரிசி சுமந்து வரவேண்டும். வேலைக்குப் பாதுகாப்பு எப்படி என்று மதிப்பிடப் பெருச்சாளி ஒன்று வந்திருந்தது.

"தூங்குது, முழிச்சிருக்குன்னு ரெண்டாப் பிரிக்கிறதெல்லாம் பழைய முறை. எவ்வளவு தூங்குதுன்னு பார்க்கணும். நாலு காலும் நல்லாத் தூங்குது. வால் சுமாராத் தூங்குது. இடது கண்ணும் மூடியிருக்கு. எல்லாத்தையும் சேர்த்தா, பாதுகாப்பு பத்துக்கு ஒன்பது. கிளம்புங்க," என்றது பெருச்சாளி.

வரிசையில் முதலில் நின்ற அஞ்சலை என்ற சுண்டெலி பூனையின் முகத்தை உற்றுப் பார்த்தது.

"ஐயா, அந்த வலது கண்ணு?"

"அதுக்குத்தான் ஒரு மார்க் குறைச்சிருக்கேனே."

"அது என்னையே பாக்குதுங்க."

பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, பூனை அந்தக் கண்ணையும் மெல்ல மூடிக்கொண்டது. ஆடிக்கொண்டிருந்த வாலையும் அடக்கி வைத்துக்கொண்டது.

பெருச்சாளிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா, பத்துக்குப் பத்து. இனி என்ன பயம்?"

அஞ்சலை இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"இப்பத்தாங்க ஐயா, எனக்கு நிஜமாவே பயமா இருக்கு."