மேற்படி

மேகம் கூடும் நாளாகப் பார்த்துத்தான் அந்த ஐஸ் வண்டி வந்து மறைக்கிறது.

நேற்று பளீரென்று வெயில். வண்டியைக் காணோம். இன்றைக்கு வானம் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கிறது. அவள் வரையப் படப்பலகையை நிறுத்தி, தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து நிமிர்ந்தால், கலங்கரை விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வண்டியின் நீல முதுகு.

ஒன்பது மணிக்குப் பல் மருத்துவர் வீட்டு முன்னறையில் டோக்கன் கொடுக்க உட்கார வேண்டியவள். அதற்கு முன் கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் அவளுக்கும் கடலுக்கும். துறைமுகத்தில் ஒரே இடம். வெயில், பனி, மழை விட்ட வெளிச்சம் என்று, காற்று கொண்டுபோன ஒன்று போக ஏழு படங்கள் தேறிவிட்டன. நூலகக் கூடத்தில் எட்டு மாட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தேழு வயதில் முதல் கண்காட்சி. நாளை மாலைக்குள் எட்டாவது போய்ச் சேர வேண்டும்.

அதுதான் இந்த மேகமூட்டம். கடல் முடிந்தது, மேகம் முடிந்தது. கலங்கரை விளக்கத்துக்கு விட்ட இடம் மட்டும் மூன்று வாரமாக வெள்ளையாகக் கிடக்கிறது.

வெயில் படத்தில் இருப்பதைப் பார்த்து இதிலும் வைத்துவிடேன் என்றார் கணவர். வெயிலில் அது வெள்ளை. மேகத்தில் என்ன நிறம் என்று பார்க்காமல் எப்படி வைப்பது?

ஐஸ்காரர் வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னங்க?"

"இங்கதான்க்கா நிழலு."

"மேகமூட்டத்துல எதுக்குங்க நிழல்?"

அவர் தலையைச் சொறிந்தார். "பழகிடுச்சுக்கா."

"மேகம் போட்ட அன்னைக்கு மட்டும் வர்ற பழக்கமா?"

அவர் டீக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

அவள் விறுவிறுவென்று துறைமுக அலுவலகத்துக்கு நடந்தாள். வேண்டுமென்றே மறைக்கிறார், கேட்டால் தலையைச் சொறிந்து மழுப்புகிறார், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

குமாஸ்தா அசரவில்லை. "பத்து நிமிஷத்துக்கு மேல வண்டி நின்னா காரணம் எழுதணும்மா. அவர் ஒழுங்கா எழுதிட்டுத்தான் நிக்கறார்."

"நிழலுக்குன்னா?"

"நீங்களே பாருங்களேன்." பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

தேதி, வண்டி எண், காரணம். இன்றைய தேதிக்கு நேரே 'மேற்படி' என்று இருந்தது. அதற்கு மேலேயும் மேற்படி. அதற்கும் மேலே மேற்படி.

"எதுக்கு மேற்படி, எல்லாமே மேற்படின்னா?"

"மேல போங்கம்மா."

விரலை வைத்துக்கொண்டே போனாள். ஒன்பது மேற்படி தாண்டி, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியில், கோணல் மாணலாக நான்கு வரி:

'மேகம் போட்டா தெற்குக் காத்து அடிக்குது. வரையற அக்காவோட படம் நேத்து தண்ணில போயிடுச்சு. யாரும் பாக்கலன்னு நெனச்சு அழுதாங்க. வண்டி நின்னா காத்து தடுக்கும்.'

"புகார்ல என்னன்னு எழுதட்டும்மா?"

அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

அவள் வருவதைப் பார்த்ததுமே ஐஸ்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். "கோவப்படாதீங்கக்கா, இந்தா எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க." அவள் உட்கார்ந்து, வெள்ளையாகக் கிடந்த இடத்துக்குத் தூரிகையைக் கொண்டுபோனாள். "அப்படியே நிக்கட்டும். மேகத்துல உங்க வண்டி என்ன நீலம்னு நான் பார்க்கணும்."