மூக்கோரம் ஒரு விரல்

“கையை எடுங்கன்னு சொன்னேன்ல! எடுங்க கையை!”

நர்ஸ் ஷைனி போட்ட சத்தத்தில் வார்டே கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஆறாம் கட்டில் சாத்துண்ணி மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. நெற்றியிலிருந்து கன்னம் வரை தையல். அதை ஒட்டியே மூக்கோரத்தில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஷைனி பாய்ந்து போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் நிமிர்ந்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவள் கண்களையே பார்த்தார். பிறகு மறுபடியும் மூக்கோரம் விரல். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

‘உன்னால் ஆனதைப் பார்’ என்பதுபோல் இருந்தது அவளுக்கு. பற்றிக்கொண்டு வந்தது.

காலையில்தான் மேட்ரன் அத்தனை பேர் முன்னாலும் காய்ச்சி எடுத்திருந்தாள். “நாலாம் கட்டில்ல சீழ் பிடிச்சிருக்கு. முகத்தைத் தொடாம பாத்துக்கக்கூட உனக்குத் துப்பில்லையா? அடுத்த ஆளுக்கும் இப்படி ஆச்சுன்னா, நீ திருச்சூர்ல எங்கயும் வேலை பாக்க முடியாது!”

அந்த அடுத்த ஆள் இவராகத்தான் இருப்பார் போலிருந்தது. நேற்று மாலை ஒல்லூர் வளைவில் ஸ்கூட்டர் மீது பஸ் இடித்து, ஆட்டோக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்த ஆள். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. பெயர்கூடச் சட்டைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்துத் தெரிந்ததுதான். அதிர்ச்சிதான், போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

“அதிர்ச்சியாவது ஒண்ணாவது!” என்றார் பக்கத்துக் கட்டில் வர்க்கி. “அழுத்தம், சிஸ்டர். நல்லதனமா சொன்னா இவரு கேக்கமாட்டாரு.”

சாத்துண்ணி எட்டி ஷைனியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மூக்கோரம் விரல். கையை விரித்தார். மூக்கோரம் விரல்.

“வேணும்னே பண்றீங்களா? இருங்க!”

கட்டுத்துணியை எடுத்து வந்தாள். இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அவர் திமிறினார். தொண்டையிலிருந்து என்னவோ ஒரு முனகல் வந்தது. கண்ணீர் தையலை நனைத்தது.

“அழுங்க, சேட்டா. முகம் அழுகிப்போறதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

வர்க்கிகூடச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதியம் சாத்துண்ணியின் மகள் ரஜிதா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் தோளிலிருந்த பை கீழே விழுந்தது.

“யாரு கட்டினது?”

“நான்தான்.” ஷைனி விறைப்பாக முன்னால் வந்தாள். “தையல்கிட்ட கையைக் கொண்டு போறாரு. எவ்வளவுதான் சொல்றது? இந்தப் பழக்கத்தை எல்லாம் வீட்டுலயே மாத்தியிருக்கணும், மோளே!”

ரஜிதா கட்டில் பக்கம் குனிந்தாள். முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். விடுபட்ட கை நேராக மூக்கோரத்துக்கே போனது. பிறகு விரிந்தது.

“பாத்தீங்களா? இப்பப் பாத்தீங்களா?”

ரஜிதாவும் தன் மூக்கோரத்தை விரலால் தொட்டாள். தரையைச் சுட்டிக்காட்டினாள். நெஞ்சில் கை வைத்து, மெல்லத் தலையாட்டினாள். சாத்துண்ணியின் உடம்பு அப்படியே தளர்ந்தது. மகள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

“என்ன இது, நீங்களும் சேர்ந்துக்கிட்டு?”

ரஜிதா திரும்பினாள்.

“மூக்கோரம் விரல் வச்சா மூக்குத்தி. மூக்குத்தின்னா எங்கம்மா. ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்திருந்தவங்க எங்கேன்னு நேத்திலேருந்து உங்ககிட்டக் கேட்டுக்கிட்டிருக்காரு. கீழே பெண்கள் வார்டுல உசிரோட இருக்காங்கன்னு இப்பத்தான் நான் சொன்னேன்.”

கட்டுத்துணியைச் சுருட்டி ஷைனியின் காலடியில் எறிந்தாள்.

“அந்தக் கைதான் சிஸ்டர், எங்க அச்சனுக்கு வாய்!”